தோற்ற ரோபோவை உடனே பிரித்துவிடாதீர்கள்! - விழுப்புரம், திண்டிவனம் மாணவர்களுக்கு சந்திரயான் தரும் பாடம்

ரோபோ போட்டிக்குப் போய்வந்த எந்த மாணவர் குழுவிடம் பேச்சுக் கொடுத்தாலும், போட்டிக்கு முந்தைய இரவைப் பற்றித்தான் உற்சாகமாகப் பேசுவார்கள். தூங்காமல் சோல்டரிங் செய்தது, விடியற்காலை நான்கு மணிக்கு சக்கரம் சுற்ற ஆரம்பித்தது, ரயிலில் ரோபோவை மடியில் வைத்துக்கொண்டு போனது என்று கதை கதையாக வரும்.

‘சரி, போட்டி முடிந்து வந்த அடுத்த வாரம் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். பெரும்பாலும் நடப்பது இதுதான். ரோபோ லேப்பின் மூலைக்குப் போகும். மோட்டாரை ஒருவர் தன் புராஜெக்ட்டுக்குக் கழற்றிக்கொள்வார். பேட்டரியை இன்னொருவர் எடுத்துப் போவார். செமஸ்டர் தேர்வு வந்துவிடும். களத்தில் ரோபோ ஏன் நடுவழியில் நின்றது என்ற கேள்விக்குப் பதில் தெரியாமலேயே குழு கலைந்துவிடும். அடுத்த ஆண்டு வேறு மாணவர்கள் வருவார்கள், அதே இடத்தில் அவர்களுடைய ரோபோவும் நிற்கும்.

இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள விழுப்புரம், திண்டிவனம் பகுதி மாணவர்கள் வெளியூரில் உதாரணம் தேட வேண்டியதில்லை. உலகமே பார்க்கத் தோற்றுப்போன ஒரு ரோபோவுக்கு என்ன ஆனது என்று அலசி ஆராய்ந்து, நான்கே ஆண்டுகளில் ஜெயித்துக் காட்டிய குழுவை வழிநடத்தியவர் விழுப்புரத்துக்காரர்தான்.

பாலிடெக்னிக்கிலிருந்து நிலா வரை

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் ப.வீரமுத்துவேலை எல்லோருக்கும் தெரியும். அவர் படித்த வரிசையைப் பாருங்கள். விழுப்புரம் ரயில்வே பள்ளி. பிறகு அதே ஊரில் ஏழுமலை பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. அடுத்து சென்னை சாய்ராம் பொறியியல் கல்லூரியில் பி.இ., திருச்சி ஆர்.இ.சி.யில் (இன்றைய என்.ஐ.டி.) எம்.இ., கடைசியாக சென்னை ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி. அப்பா ரயில்வே ஊழியர். ‘டிப்ளமோதானே’ என்று உறவினர்கள் உதட்டைப் பிதுக்கும் படிப்பில் தொடங்கியவர் அவர்.

விண்கலத்தில் இருக்கும் மின்னணுப் பெட்டிகளின் அதிர்வை எப்படிக் குறைப்பது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ரோபோ செய்யும் மாணவர்களுக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. லேப் மேஜையில் நன்றாக ஓடிய ரோபோ, களத்தில் குலுங்கி ஓடும்போது திடீரென்று செத்துவிடும். திறந்து பார்த்தால் ஒரு ஒயர் கனெக்டரிலிருந்து அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். ராக்கெட்டில் ஏறும் சர்க்யூட் போர்டுக்கும் இதே பிரச்னைதான், அளவு மட்டும்தான் பெரிது.

சந்திரயான்-3ல் போன பிரக்யான் ரோவரும் ஒரு ரோபோதான். ஆறு சக்கரம், 26 கிலோ எடை, வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர். எறும்பே முந்திவிடும் வேகத்தில் நிலாவின் தரையில் 100 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக ஓடியது. அது ஓடுவதற்கு முன்பு, முந்தைய ரோபோ ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நிலாவில் நடந்த மூன்று பிழைகள்

2019 செப்டம்பர் 7 அதிகாலை. சந்திரயான்-2ன் விக்ரம் லேண்டர் நிலாவில் இறங்கிக்கொண்டிருந்தது. 2.1 கி.மீ. உயரம் வரை எல்லாம் திட்டமிட்டபடி நடந்தது என்று அறிவித்த இஸ்ரோ, அதன் பிறகு தொடர்பு அறுந்துவிட்டது என்றது. லேண்டர் தரையில் மோதி உடைந்தது. உள்ளே இருந்த ரோவர் வெளியே வரவே இல்லை.

பிறகு நடந்த ஆய்வில் கண்டறிந்ததை, சந்திரயான்-3 கிளம்பும் சமயத்தில் அப்போதைய இஸ்ரோ தலைவர் எஸ்.சோமநாத் வெளிப்படையாக விளக்கினார். அவர் சொன்னவை முக்கியமாக மூன்று.

முதலாவது, வேகத்தைக் குறைக்க வேண்டிய ஐந்து இன்ஜின்களும் எதிர்பார்த்ததைவிட அதிக விசை கொடுத்தன. ஒவ்வொரு கணமும் சின்னச் சின்னப் பிழை. அவை சேர்ந்து சேர்ந்து பெரிதாகிவிட்டன.

இரண்டாவது, அந்தப் பிழையைச் சரிசெய்ய லேண்டர் மிக வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. அவ்வளவு வேகம் தேவைப்படும் என்று யாரும் நினைக்காததால், சாஃப்ட்வேரில் திரும்பும் வேகத்துக்கு வரம்பு வைத்திருந்தார்கள். அது லேண்டரின் கையைக் கட்டிப்போட்டது.

மூன்றாவது, இறங்குவதற்குக் குறித்த இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் போய்ச் சேர லேண்டர் முயன்றதில், தரையை நெருங்கும்போது வேகம் கூடிவிட்டது.

இந்தப் பட்டியலில் ‘இன்னார் செய்த தவறு’ என்று ஒரு வரிகூட இல்லை. எது, எப்போது, ஏன் என்பது மட்டுமே இருக்கிறது.

உங்கள் ரோபோவிலும் இதே மூன்றுதான்!

பல கோடி ரூபாய் லேண்டருக்கும், சில ஆயிரம் ரூபாய் கல்லூரி ரோபோவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பொருத்திப் பாருங்கள்.

கோட்டைப் பின்தொடர்ந்து போய், மூலையில் 90 டிகிரி திரும்ப வேண்டிய ஒரு ரோபோவை எடுத்துக்கொள்வோம். ‘இடது மோட்டார் 0.6 விநாடி ஓடினால் 90 டிகிரி’ என்று புரோகிராமில் எழுதியிருப்பார்கள். ராத்திரி முழுக்கச் சோதித்த களைத்துப்போன பேட்டரியில் அது சரியாகத் திரும்பும். போட்டிக்குப் போகும்போது பேட்டரியை ஃபுல் சார்ஜ் செய்வார்கள். மூன்று செல் கொண்ட லித்தியம் பாலிமர் பேட்டரியின் பெயரளவு மின்னழுத்தம் 11.1 வோல்ட், முழு சார்ஜில் 12.6 வோல்ட். மோட்டார் வேகமாகச் சுற்றும். அதே 0.6 விநாடியில் ரோபோ 100 டிகிரிக்கும் மேல் திரும்பிவிடும். நான்கு மூலை தாண்டினால் முகம் வேறு எங்கோ பார்க்கும். எதிர்பார்த்ததைவிட அதிக விசை, சேர்ந்துகொண்டே போகும் பிழை. சந்திரயான்-2ன் முதல் காரணம் இங்கேயும் இருக்கிறது.

இரண்டாவதுக்கும் உதாரணம் உண்டு. கோட்டைவிட்டு விலகினால் திருத்திக்கொள்ள வேண்டும் என்று புரோகிராமில் இருக்கும். ஆனால் ரோபோ ஆடாமல் ஓட வேண்டுமே என்று, திருத்தும் அளவுக்கு ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். விலகல் அந்த வரம்பைத் தாண்டினால் ரோபோ திருத்திக்கொள்ள முயலும், முடியாது. பார்ப்பவர்களுக்கு ‘சும்மா நேராகப் போய் சுவரில் முட்டியது’ போலத்தான் தெரியும்.

மூன்றாவது, பொருளைத் தூக்கும் கை. லேப்பில் பொருளை மிகச் சரியான புள்ளியில் வைத்துப் பழகியிருப்பார்கள். களத்தில் அது இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். கை காற்றைப் பிடிக்கும். 500 மீட்டர் கட்டம் இங்கே இரண்டு சென்டிமீட்டராகச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றுக்கும் தீர்வு இருக்கிறது. விநாடிக் கணக்குக்குப் பதிலாக, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணும் என்கோடரை வைக்கலாம். புரோகிராமில் உள்ள வரம்புகளை ஒரு தாளில் எழுதி ‘இதைத் தாண்டினால் என்ன ஆகும்?’ என்று பார்க்கலாம். கையின் வாயை அகலமாக்கி, சறுக்கிக்கொண்டு உள்ளே வரும்படி சரிவு வைக்கலாம். ஆனால் இதெல்லாம், நின்ற ரோபோவை உட்கார்ந்து ஆராய்ந்தவர்களுக்கு மட்டும்தான் தோன்றும்.

‘எதெல்லாம் கெட்டுப்போகலாம்?’

சந்திரயான்-3ஐ வடிவமைத்த முறையைப் பற்றி சோமநாத் சொன்னதன் சாரம் இது. முன்பு ‘எல்லாம் சரியாக நடக்கும்’ என்ற அடிப்படையில் வடிவமைத்தார்கள். இந்த முறை ‘எதெல்லாம் தவறாகப் போகலாம், அப்படிப் போனால் எப்படிச் சமாளிப்பது’ என்பதிலிருந்து ஆரம்பித்தார்கள்.

இறங்கும் இடம் சுமார் 4 கி.மீ. நீளமும் 2.4 கி.மீ. அகலமும் கொண்டதாக விரிந்தது. நடுவிலிருந்த ஐந்தாவது இன்ஜினை எடுத்துவிட்டார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்து இறங்கினாலும் தாங்கும்படி கால்களுக்கு வலு கூட்டினார்கள். எப்படி இறங்கினாலும் வெயில் படும்படி கூடுதல் பக்கங்களில் சோலார் பேனல் வைத்தார்கள். வேகத்தை நேரடியாக அளக்க லேசர் கருவி ஒன்றும் சேர்ந்தது.

ஒரு கருத்தைக் கவனியுங்கள். பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கவில்லை. சந்திரயான்-2ல் லேண்டர் உடைந்தாலும், நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்த ஆர்பிட்டர் நன்றாகவே இருந்தது. அது எடுத்த படங்கள் புதிய இறங்குதளத்தைத் தேர்வு செய்ய உதவின. சந்திரயான்-3 நிலாவை நெருங்கியபோது, அந்தப் பழைய ஆர்பிட்டர்தான் புதிய லேண்டருடன் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டது. தோற்றதாக நாம் நினைத்த திட்டத்தின் மிச்சம், ஜெயித்த திட்டத்துக்குத் துணை நின்றது.

2023 ஜூலை 14ல் கிளம்பி, ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு விக்ரம் மெதுவாக இறங்கியது. நிலாவின் தென்துருவப் பகுதிக்கு அருகில் இறங்கிய முதல் நாடு இந்தியா.

நாமக்கல்லில் நிலா மண்

பரிசோதனை செய்ய வசதி இல்லை என்பது சின்ன ஊர்க் கல்லூரிகளின் வழக்கமான வருத்தம். இஸ்ரோவுக்கும் அதே சிக்கல் இருந்தது. நிலாவை பெங்களூருக்குக் கொண்டுவர முடியாதே!

நிலாவின் மேட்டு நிலப்பகுதியில் அனார்த்தோசைட் என்ற வகைப் பாறை அதிகம். அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதியில் கிடைக்கிறது. அங்கிருந்து எடுத்துப் பொடித்த மண்ணைப் பரப்பித்தான் லேண்டரின் கால்களையும் ரோவரின் சக்கரங்களையும் சோதித்தார்கள். லேண்டரின் சென்சார்களை ஹெலிகாப்டரில் கட்டிப் பறக்கவிட்டார்கள். இன்ஜின்களை கிரேனில் தொங்கவிட்டு இயக்கிப் பார்த்தார்கள்.

மாணவர்களின் களத்துக்கும் இதே யோசனை போதும். ஃப்ளெக்ஸ் பேனரின் பின்பக்கத்தில் கறுப்பு டேப் ஒட்டினால் கோட்டுக் களம் தயார். பழைய பிளைவுட் துண்டில் மேடு செய்யலாம். முக்கியமானது வெளிச்சம். கோட்டைக் கண்டுபிடிக்கும் அகச்சிவப்பு சென்சார்கள் வெயிலிலும் மேடை விளக்கிலும் குழம்பிவிடும். லேப்பின் டியூப்லைட்டில் மட்டுமே சோதித்த ரோபோ, ஆடிட்டோரியத்தின் ஃபோகஸ் விளக்கின் கீழ் கோட்டையே மறந்துவிடும். ஜன்னலோரம், மொட்டைமாடி, இருட்டு வராந்தா என்று மூன்று இடத்தில் ஓட்டிப் பார்த்தாலே பாதி ஆபத்து தெரிந்துவிடும்.

எங்கே போட்டியிடலாம்?

விழுப்புரம் காகுப்பத்திலும், திண்டிவனம் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. பாலிடெக்னிக்குகள், தனியார் கல்லூரிகள், பள்ளிகளும் உண்டு. இவர்களுக்கு ஏற்ற சில மேடைகள்:

*இஸ்ரோ ரோபோட்டிக்ஸ் சேலஞ்ச்:* பெங்களூரு யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையம் நடத்துவது. வீரமுத்துவேல் பணிபுரிவதும் இந்த மையத்தில்தான். 2024 போட்டியில், வேற்றுக்கோளின் தரைபோல அமைத்த களத்தில் ஓடும் ரோவரைச் செய்யச் சொன்னார்கள். 2025க்கு, ஜி.பி.எஸ். உதவி இல்லாமல் தானே வழி கண்டுபிடித்துப் பறக்கும் ட்ரோன். 2024 ஆகஸ்ட் 23 அன்று டெல்லியில் நடந்த முதல் தேசிய விண்வெளி தின விழாவில், ரோபோ போட்டியில் வென்றவர்களுக்கு குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு பரிசு வழங்கினார்.

*ரோபோகான்:* ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002லிருந்து நடத்தும் சர்வதேசப் போட்டி. இந்தியாவில் தூர்தர்ஷன் நடத்தும் போட்டியில் ஜெயிப்பவர்கள் அங்கே போகலாம். ஒவ்வொரு ஆண்டும் போட்டியை ஏற்று நடத்தும் நாட்டின் பண்பாட்டிலிருந்து விளையாட்டு பிறக்கும். 2024ல் வியட்நாம் வைத்த விளையாட்டு நம்ம ஊருக்கென்றே செய்ததுபோல இருந்தது. பெயர் ‘அறுவடை நாள்’. ரோபோக்கள் நாற்று நட வேண்டும், நெல்லைச் சேகரிக்க வேண்டும், பதரை ஒதுக்கிவிட்டு நல்ல நெல்லை மட்டும் குதிரில் சேர்க்க வேண்டும். நாற்றுக்குக் குழாய், நெல்லுக்கும் பதருக்கும் வெவ்வேறு நிறப் பந்துகள், நேரம் மூன்றே நிமிடம்! நெல் விளையும் விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த விதிகளைப் படித்தவுடன் புரிந்திருக்கும்.

*இ-யந்த்ரா:* மும்பை ஐ.ஐ.டி. நடத்துவது. வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் கற்றுக்கொண்டு, படிப்படியாக வேலைகளை முடித்து முன்னேறலாம். முதன்முதலாக இறங்கும் கல்லூரிக் குழுவுக்கு நல்ல தொடக்கம்.

*பள்ளிப் பிள்ளைகளுக்கு:* உலக ரோபோ ஒலிம்பியாட் 2004லிருந்து நடக்கிறது. 6 முதல் 12 வரை படிப்பவர்களுக்கான அடல் டிங்கரிங் லேப் உங்கள் பள்ளியிலோ, பக்கத்துப் பள்ளியிலோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். தமிழக அரசின் ‘வானவில் மன்றம்’ 2022 நவம்பரில் தொடங்கியது. 6 முதல் 8 வரை படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் கருவிகளைக் கையில் கொடுக்கும் திட்டம் இது.

விதிகளும் தேதிகளும் ஆண்டுதோறும் மாறும். அந்தந்தப் போட்டியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட் முதல் ரிகர்சல் வரை

சென்னைக் குழுக்களுக்கு ஒரு வசதி. சென்சார் கருகினால் அரை மணி நேரத்தில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேறு வாங்கிவிடுவார்கள். விழுப்புரத்திலிருந்து சென்னை சுமார் 160 கி.மீ. எழும்பூருக்கு ரயில் பிடித்து, அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் போய்த் திரும்ப ஒரு நாள் போய்விடும். ஆன்லைனில் ஆர்டர் செய்தால் இன்னும் சில நாள். அதனால் சின்ன ஊர்க் குழுக்கள் வேறு மாதிரி தயாராக வேண்டும்.

* அடிக்கடி கருகும் பொருள்களை (மோட்டார் டிரைவர், சென்சார், கனெக்டர், ஃபியூஸ்) முதல் பயணத்திலேயே இரண்டாக வாங்குங்கள்.

* விதிப் புத்தகத்தைக் குழுவில் எல்லோரும் படிக்க வேண்டும். அளவு, எடை, மின்னழுத்த வரம்பு ஆகியவற்றைச் சுவரில் ஒட்டுங்கள். எடை கூடிவிட்டதால் களத்துக்குள் நுழையாமலேயே திரும்புவதைவிடக் கொடுமை இல்லை.

* போட்டிக்கு ஒரு வாரம் முன்பு புரோகிராமைப் பூட்டிவிடுங்கள். ‘கடைசியா ஒரே ஒரு சின்ன மாற்றம்’ என்று ராத்திரி இரண்டு மணிக்குச் செய்வதுதான் காலையில் காலை வாரும்.

* பூட்டிய பிறகு, போட்டியில் நடப்பதுபோலவே ரிகர்சல். பெட்டியிலிருந்து எடுப்பதிலிருந்து முழு ஆட்டம் முடியும் வரை. பத்து முறை ஓட்டி, எத்தனை முறை முழுதாக முடித்தது என்று எழுதுங்கள். பத்துக்கு நான்கு என்றால், போட்டியிலும் அதைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

* எல்லா கனெக்டருக்கும் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். ரோபோவைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். விழுவது இங்கேயே விழட்டும்.

* லித்தியம் பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். உப்பிய பேட்டரியைத் தொடவே வேண்டாம்.

அமெரிக்காவில் கசிந்த ரோபோ

பணமில்லாத குழு, பெரிய பெயர்களை ஜெயிக்குமா? 2004ல் அமெரிக்காவில் நடந்தது இது. நீருக்கடியில் இயங்கும் ரோபோக்களுக்கான தேசியப் போட்டி, கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில். அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரின் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நான்கு பையன்கள் வந்தார்கள். மெக்ஸிகோவிலிருந்து குடியேறிய, உரிய ஆவணங்கள்கூட இல்லாத ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள். பி.வி.சி. குழாயில் செய்த ரோபோ. செலவு சுமார் 800 டாலர். எதிரே புகழ்பெற்ற எம்.ஐ.டி. கல்லூரிக் குழு.

அங்கே போய் ரோபோவை நீச்சல்குளத்தில் இறக்கினால், மின்சுற்று இருந்த பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தது. பிரித்து மறுபடி சோல்டர் செய்ய நேரம் குறைவு. கசிவை முழுதாக அடைக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் உள்ளே வரும் தண்ணீரை என்ன செய்வது? கடைக்குப் போய், மாதவிடாய்க்குப் பயன்படுத்தும் டாம்பன்களை வாங்கிவந்து பெட்டிக்குள் அடைத்தார்கள். கசிந்த நீரை அவை உறிஞ்சிக்கொண்டன. அந்தப் பையன்கள் ஒட்டுமொத்தப் பரிசை வென்றார்கள், எம்.ஐ.டி. இரண்டாமிடம். இந்தக் கதை பின்னாளில் ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ என்று திரைப்படமானது.

கூச்சப்படாமல் கேள்வியைச் சரியாகக் கேட்டதுதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. ‘எப்படிக் கசிவை நிறுத்துவது’ என்பதோடு நின்றிருந்தால் போட்டியே முடிந்திருக்கும்.

போட்டி முடிந்த 48 மணி நேரம்

ஆய்வுக்கு லட்ச ரூபாய்க் கருவி தேவையில்லை. ஒரு நோட்டும் செல்போனும் போதும். ஆனால் சூடு ஆறுவதற்குள், அதாவது இரண்டு நாளுக்குள் செய்துவிட வேண்டும்.

முதலில், ரோபோ நின்ற நிலையிலேயே நான்கு பக்கமும் படம் எடுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்பது பிரித்த பிறகு தெரியாது. பேட்டரியின் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் அளந்து எழுதுங்கள்.

இரண்டாவது, ஓட்டத்தின் வீடியோவை எல்லோரும் சேர்ந்து மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். நோட்டில் நான்கு பத்தி போடுங்கள். என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன மாற்றம்.

மூன்றாவது, ‘ஏன்’ என்பதை ஒருமுறையோடு விடாதீர்கள். ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் ஐந்து முறை ‘ஏன்’ கேட்கும் பழக்கம் உண்டு. ரோபோ ஏன் நின்றது? மின்சாரம் போனது. ஏன்? கனெக்டர் கழன்றது. ஏன்? இறுக்கவில்லை. ஏன்? கடைசி இரவில் மாற்றினோம். ஏன்? அந்த சென்சார் வந்து சேர்ந்ததே முந்தைய நாள்தான். அப்போதுதான் தெரிகிறது, கோளாறு கனெக்டரில் ஆரம்பிக்கவில்லை, ஆர்டர் போட்ட தேதியில் ஆரம்பித்திருக்கிறது.

நான்காவது, பெயர் சொல்லாதீர்கள். பல குழுக்கள் உடைவது இங்கேதான். கோடிங் எழுதியவர் மெக்கானிக்கல்காரரைச் சொல்வார், அவர் இவரைச் சொல்வார். 1999ல் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று அழிந்தது. ஒரு தரப்பு விசையை பவுண்டு கணக்கிலும், இன்னொரு தரப்பு நியூட்டன் கணக்கிலும் எடுத்துக்கொண்டிருந்தன. இரு தரப்பும் தத்தம் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை நடக்காமல் போனது. சக்கரத்தின் அளவை ஒருவர் அங்குலத்திலும் இன்னொருவர் சென்டிமீட்டரிலும் எழுதும் நம் மாணவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

ஐந்தாவது, அந்த நோட்டை ஜூனியர்களிடம் கொடுங்கள். பாலிடெக்னிக்கில் மூன்றே ஆண்டு. ரோபோ கைவரும்போது படிப்பு முடிந்துவிடும். சீனியர்கள் போகும்போது அவர்கள் கற்றதும் கூடவே போய்விட்டால், கல்லூரிக்கு ஒவ்வொரு ஆண்டும் முதல் ஆண்டுதான்.

அப்பா, அம்மா கவனத்துக்கு

விழுப்புரம், திண்டிவனத்தைச் சுற்றிய கிராமங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் பல பிள்ளைகளுக்கு, வீட்டில் முதல் பட்டதாரியே அவர்கள்தான். போட்டிக்கு என்று கேட்கும் இரண்டாயிரம் ரூபாய்க்குப் பின்னால் ஒரு வாரக் கூலி இருக்கலாம். அந்தப் பணத்தை வாங்கிய பிள்ளை தோற்றுத் திரும்பும்போது கூனிக் குறுகித்தான் வரும்.

வாசலில் வைத்து ‘ஜெயிச்சியா, இல்லையா?’ என்று கேட்டுவிடாதீர்கள். ‘எங்கே நின்னுச்சு? ஏன் நின்னுச்சு?’ என்று கேளுங்கள். பதில் புரியாவிட்டாலும் பரவாயில்லை. உங்களுக்கு விளக்கும்போதே பாதி விடை பிள்ளைக்குக் கிடைத்துவிடும்.

மகள்கள் விஷயத்தில் இன்னொன்று. லேப் வேலை மாலையில்தான் சூடுபிடிக்கும், அப்போது கடைசி டவுன் பஸ் கிளம்பிவிடும். இதனாலேயே பல பெண் பிள்ளைகள் ‘பேப்பர் வேலை மட்டும் செய்றேன்’ என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் யார் அழைத்து வருவது என்று வீட்டில் பேசி முடிவு செய்யலாம். கல்லூரிகளும் லேப் நேரத்தைச் சனிக்கிழமை பகலுக்கு மாற்ற யோசிக்கலாம். சந்திரயான்-2 திட்ட இயக்குநர் தமிழகத்தைச் சேர்ந்த மு.வனிதா, சந்திரயான்-3 இணைத் திட்ட இயக்குநர் கல்பனா. நிலாவுக்குப் போன ரோபோக்களில் பெண்கள் கை வைக்காத பாகம் இல்லை.

பள்ளத்தைப் பார்த்தால் திரும்பலாம்

2023 ஆகஸ்ட் 27 அன்று, நிலாவில் ஓடிக்கொண்டிருந்த பிரக்யான் ரோவருக்கு முன்னால் மூன்று மீட்டர் தூரத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது. விட்டம் நான்கு மீட்டர். பெங்களூரிலிருந்து கட்டளை போனது, வந்த வழியே திரும்பு. ரோவர் திரும்பி, வேறு பாதையில் தன் வேலையைத் தொடர்ந்தது. அதை யாரும் தோல்வி என்று சொல்லவில்லை.

நிலவுப் பயணங்களில் பணியாற்றிய தமிழக விஞ்ஞானிகளுக்கு 2023 அக்டோபரில் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. வீரமுத்துவேல் தன் பங்கைத் தான் படித்த கல்வி நிறுவனங்களுக்கே கொடுத்துவிட்டார். அந்தப் பட்டியலில் சென்னை ஐ.ஐ.டி.யும் திருச்சி என்.ஐ.டி.யும் சாய்ராம் கல்லூரியும் இருந்தன. விழுப்புரம் ஏழுமலை பாலிடெக்னிக்கும் இருந்தது.

உங்கள் கல்லூரி லேப்பின் மூலையில் போன போட்டியில் நின்றுபோன ரோபோ இன்னும் முழுசாக இருக்கிறதா? மோட்டாரை யாரும் கழற்றுவதற்கு முன் இந்தச் சனிக்கிழமை அதை மேஜைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நோட்டை எடுத்து, நான்கு பத்தி போட்டு, முதல் ‘ஏன்’ எழுதுங்கள்.